ஒப்புக்குக் கொடுத்த நோட்டு

ஒன்பது நாள் பனிக்குப் பிறகு பல்கலைக்கழகம் திறந்த திங்கட்கிழமை, விடுதியில் வெந்நீர் வரவில்லை, உணவுக்கூடத்துக்கு ரொட்டி வரவில்லை. ஆனால் ஆலோசனை மையத்திலிருந்து இளஞ்சிவப்புத் தாள் ஒன்று வந்து எல்லாக் கதவுகளிலும் ஒட்டிக்கொண்டது. "தடைப்பட்ட படிப்பை மீட்டெடுக்கப் பத்து வழிகள்." முதல் வழி, நிறையத் தண்ணீர் குடிப்பது. ஹமதான் நகரில் பாதிக் குழாய்கள் உறைந்து வெடித்துக் கிடந்த வாரத்தில் இப்படி எழுதுவதற்குத் தனியாக ஒரு படிப்பு படித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வெப்பப் பரிமாற்றத் தேர்வு. வெப்பமே இல்லாத ஊரில் வெப்பப் பரிமாற்றம் என்று எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்கள். ஒவ்வொருவரும் தானே அதைக் கண்டுபிடித்ததாக நினைத்தார்கள். இவர்களோடுதான் நான் மூன்று வருடமாகப் படிக்கிறேன்.

எனக்கு அந்தத் தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு வேண்டும். எங்கள் துறையில் முதல் நான்கு இடங்களுக்குள் இருப்பவர்கள் நுழைவுத் தேர்வு எழுதாமலேயே மேற்படிப்புக்குப் போகலாம். நான் நான்காவது. பதினெட்டு வாங்கினால் நான்காவதாகவே இருப்பேன். வாங்காவிட்டால் எஸ்பஹானுக்குத் திரும்பி, மாமாவின் மிட்டாய்க் கடையில் பெட்டிகளுக்கு நாடா கட்டிக்கொண்டு ஒரு வருடம் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். கடையில் கூட்டம் சேரும்போதெல்லாம் மாமா, "இன்ஜினியரம்மா, அந்த நாடாவை எடு" என்பார். அதை மூன்று கோடை விடுமுறைகளில் கேட்டாயிற்று.

திங்கட்கிழமை என் கையில் நோட்டு இல்லை. இதுதான் என் உண்மையான தடை. பத்து வழிகளில் ஒன்றுகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேராசிரியர் செய்ஃபி புத்தகத்திலிருந்து கேள்வி கேட்க மாட்டார். வகுப்பில் வாயால் சொன்னதிலிருந்து மட்டும்தான் கேட்பார். அதனால் வகுப்பில் யாராவது ஒருவர் சொன்னதையெல்லாம் எழுத வேண்டும். மற்றவர்கள் தேர்வுக்கு முன் அதை நகலெடுப்பார்கள். எழுதும் ஆள் நான். அவர் சொல்லும் ஒரு சொல்லையும் விடமாட்டேன். போன பருவத்தில் "அந்த ஜன்னலைச் சாத்துங்கள்" என்று அவர் சொன்னதையும் எழுதிவிட்டேன். முப்பது பேர் அதை நகலெடுத்து, அதில் பாதிப் பேர் அடிக்கோடும் போட்டுப் படித்தார்கள். ஜன்னல் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

கைபேசியில் படம் எடுக்க நான் யாரையும் விடுவதில்லை. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: "படம் எடுக்கக் கூடாது. எடுத்தவள் தேர்வில் தோற்பாள்." தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, நான் படித்து முடித்த பிறகு, நானே வாசலுக்கு எதிரே உள்ள நகல் கடைக்கு எடுத்துப் போவேன். கடைக்காரர் அதற்கு "நெகினின் நோட்டு" என்றே பெயர் வைத்திருந்தார். இந்த முறை அதற்குள் பனி வந்துவிட்டது.

பனி விடுமுறை அறிவித்த அன்று, என் அறைத்தோழி ஷிலான் ஊருக்குக் கிளம்பினாள். அவள் ஊர் கங்காவர், அசதாபாத் கணவாய்க்கு அந்தப் பக்கம். பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றவள், என் கட்டிலில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள்.

"உன் நோட்டு என்னா அழகா இருக்குடி. கையெழுத்தா, அச்சா?"

"உனக்கு இல்லாததா? எடுத்துக்கோ" என்றேன்.

யாராவது நம் பொருளை அழகாக இருக்கிறது என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஈரானிய உபசாரம். தாரோஃப். யாரும் அதை நம்பிக் கையை நீட்ட மாட்டார்கள். போர்வையை, மோதிரத்தை, வீட்டையே கூட எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். மூன்று முறை மறுப்பார்கள், பொருள் நம்மிடமே இருக்கும், எல்லோருக்கும் மரியாதை.

"ஐயோ, வேணாம்" என்றாள் ஷிலான். சரியாகச் சொன்னாள். ஒன்று.

"என் மேல ஆணையா எடுத்துக்கோ."

"நீ படிக்க வேணாமா? சும்மா சொன்னேன்டி." இரண்டு.

"எனக்கு எதுக்கு? நான்தானே எழுதினேன். எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு."

மூன்றாவது மறுப்பு வரவில்லை. ஷிலான் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு "சரி, இவ்ளோ சொல்ற" என்று நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்து, எனக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மேல் கட்டிலில் படுத்திருந்த இன்னொரு அறைத்தோழி ஹாலே தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "எஸ்பஹான்காரி ஒரு பொருளைக் குடுத்துட்டா. பனி சும்மாவா பெய்யுது." எங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்பது நாடு முழுக்கச் சொல்லும் கேலி.

அன்று மாலை ஷிலானின் பேருந்து கடந்த பிறகு கணவாயை மூடிவிட்டார்கள். எஸ்பஹான், அராக் பேருந்துகளையும் ரத்து செய்தார்கள். நானும் அராக் ஊர்க்காரியான ஹாலேயும் விடுதியில் மாட்டிக்கொண்டோம்.

அந்த ஒன்பது நாளும் வகுப்புகள் இணையத்தில் நடந்தன என்று பதிவேட்டில் இருக்கும். திரையில் நாற்பது பெயர்கள், ஒரு முகமும் கிடையாது. பேராசிரியர் கால்மணிக்கொரு தரம் "என் குரல் கேட்கிறதா?" என்பார். ஹாலே போர்வைக்குள் கண்ணை மூடியபடியே கட்டைவிரலால் "கேட்கிறது ஐயா" என்று அனுப்புவாள். ஒருநாள் அவருடைய ஒலி இருபது நிமிடம் அறுந்து கிடந்தது. அப்போதும் இவள் "கேட்கிறது ஐயா" என்று இரண்டு முறை அனுப்பினாள். நான் எழுதலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தால், அவர் பழைய பாடத்தைத் திரும்பச் சொல்வதாகச் சொல்லி, சொல்லாமலே போய்விடுவார்.

நான் ஷிலானுக்குத் தினமும் செய்தி அனுப்பினேன். நோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்படிக் கேட்பது? எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது என்று சொன்னவள் நான். "நல்லபடியா போய்ச் சேந்தியா?" என்று கேட்டேன். "அங்க பனி எப்படி?" "அம்மா முட்டிவலி எப்படி?" அவள் அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.

ஷிலான் படங்கள் அனுப்பினாள். கணப்பு வைத்த தாழ்ந்த மேசை, மேலே கனத்த மெத்தைப் போர்வை, அதன்மேல் உதிர்த்த மாதுளை ஒரு தட்டில். தட்டுக்கு அடியில் என் நோட்டு. மறுநாள் தேநீர்க் குவளை, அடியில் என் நோட்டு. அதற்கும் மறுநாள் சாம்பல் நிறப் பூனை ஒன்று நோட்டின் மேல் சுருண்டு படுத்திருந்தது. "அம்மா சொல்றாங்க, தன் நோட்டையே தூக்கிக் குடுத்துட்டாளே, என்ன மனசு அந்தப் பொண்ணுக்குன்னு" என்று எழுதியிருந்தாள்.

"அம்மாவோட கைக்கு என் முத்தம்" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டுக் கைபேசியைத் தலையணைக்கு அடியில் திணித்தேன்.

வெறும் மாதுளைக்கு என் நோட்டை முக்காலியாக்குபவளுக்கு எதற்குப் படிப்பு என்று நினைத்தேன். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதியில் கையைத் தூக்கி "ஏன்?" என்று கேட்டு எல்லோரையும் ஐந்து நிமிடம் தாமதிக்க வைப்பவள். அவளுக்கு வரிசையில் ஒன்பதாம் இடமே அதிகம்.

அலமாரிக்குள் தலையை விட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்தா மிட்டாய்ப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பெட்டியை யாருக்கும் காட்டவில்லை.

"உன் அலமாரில எலி இருக்குடி" என்றது மேல் கட்டில். "பிஸ்தா தின்னுற எலி."

இப்படி ஒன்பது நாள் போனது. செவ்வாய்க்கிழமை ஹாலே என்னை ஆலோசனை மையத்தின் பயிலரங்குக்கு இழுத்துப் போனாள். அங்கே ஹீட்டர் வேலை செய்கிறதாம். செய்யவில்லை. ஆலோசகர் ஸஃபாயி கையுறை, மேலங்கி, கம்பளித் தொப்பியோடு நின்று பேசினார்.

"பிள்ளைங்களா, வெளியில இருக்கிற பனியை நகராட்சி அள்ளிடும். உங்க மனசுக்குள்ள விழுந்த பனியை யார் அள்ளுவா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு தொழிலாளி நிஜமாகவே அள்ளிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு புகையாக ஏறியது. அந்தக் கட்டிடத்தில் அன்று வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லோருக்கும் இளஞ்சிவப்புத் திட்டத்தாள் கொடுத்தார்கள். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் சிரிக்கும் தேநீர்க் குவளை. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கட்டத்துக்குள் எழுத வேண்டும், முடித்ததும் குவளைக்கு வண்ணம் தீட்ட வேண்டும். இருபத்தோரு வயதுப் பெண்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்தார்கள்.

"நீ ஏன்மா எழுதல? உன்னோட தடை என்ன?" என்று ஸஃபாயி என்னிடம் வந்தார்.

"தடை எதுவும் இல்ல மேடம்."

"அவ நோட்டு கங்காவர்ல இருக்கு மேடம்" என்றாள் ஹாலே.

"அப்படின்னா அதைக் கேட்டு வாங்கறதையே முதல் கட்டத்துல எழுதிக்கோ" என்றார் ஸஃபாயி.

அந்த அம்மாளிடமிருந்து வந்த யோசனை என்பதாலேயே அதைத் தள்ளிவிட்டேன். தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டேன்.

பிறகு படிப்பறைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் ஒரே ஹீட்டரைச் சுற்றியிருந்த நாற்காலிகளில் ஆட்கள் இல்லை. துப்பட்டாக்களும் தெர்மாஸ் குடுவைகளும் உட்கார்ந்திருந்தன. இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு உரிமைக்காரிகள் அறையில் தூங்குகிறார்கள். குளிரான மூலையில் உட்கார்ந்து, வெள்ளைத் தாள் எடுத்து, நோட்டை நினைவிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினேன்.

தேதிகள் நினைவிருந்தன. எந்தப் பக்கத்தில் எந்த நிற மை என்பது நினைவிருந்தது. பேராசிரியர் எங்கே இருமினார், எங்கே தேநீர் கேட்டார் என்பது இருந்தது. சூத்திரங்கள் வரவில்லை. பாதி வரும், அங்கே நிற்கும். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். மூன்று வருடமாக வகுப்பில் என் கை மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. தலை மற்றவர்களை இகழ்ந்துகொண்டு இருந்திருக்கிறது.

புதன்கிழமை கணவாய் திறந்தது. மதியம் ஷிலான் கன்னம் சிவக்க, பூட்சில் பனியோடு அறைக்குள் வந்தாள். ஒன்றரை மணி நேரப் பாதைக்கு ஆறு மணி நேரம் ஆனதாம். தகர டப்பா ஒன்றைக் கட்டிலில் வைத்தாள்; அவள் அம்மா சுட்ட அரிசி பிஸ்கட். பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றிய என் நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. ரொம்ப நன்றிடி."

என் கை அதை நோக்கிக் கிளம்பியது நிஜம். வாய் முந்திக்கொண்டது.

"அட, இப்பவேயா? வச்சுக்கோ."

"சனிக்கிழமை பரீட்சை."

"இருக்கட்டும். நீ முடிச்சுட்டுக் குடு."

ஷிலானின் முதுகுக்குப் பின்னால் மேல் கட்டிலிலிருந்து ஹாலே இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

"நெஜமாத்தான் சொல்றியா?" என்றாள் ஷிலான். அவள் இன்னும் ஒருமுறை வற்புறுத்துவாள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"எனக்கு எதுக்குடி? எல்லாம்…"

"மண்டைக்குள்ள இருக்கு" என்று அவளே முடித்தாள். நோட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் மெதுவாகத்தான் போனது. 

அவள் குளிக்கப் போனதும் ஹாலே கீழே இறங்கினாள். "ஒண்ணு கேக்கட்டா? நீ எந்த வியாதில சாகப் போறேன்னு உனக்கே தெரியுமா?"

"வாயை மூடு."

"கடைக்காரர்கிட்டப் போய் நிக்கலாம்னு பாக்காத. கடையில குழாய் வெடிச்சு மிஷின் நனைஞ்சு போச்சு."

வியாழக்கிழமை காலை ஷிலான் படிப்பறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் இருந்த துப்பட்டாவை எடுத்து மடித்து ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். யாரும் சண்டைக்கு வரவில்லை. எதிர் நாற்காலியைக் காலால் எனக்குத் தள்ளிவிட்டாள். நான் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்தேன். அவள் முன்னால் விரிந்திருந்த நோட்டில் என் கையெழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

சற்று நேரத்தில் அவள் நிமிர்ந்தாள். "இங்க ஒண்ணு புரியல. குழாய் மேல காப்பு சுத்தினா, ஒரு தடிமன் வரைக்கும் வெப்பம் இன்னும் அதிகமாத்தான் வெளிய போகும், அப்புறம்தான் குறையும்னு வருது. சரி. அடுத்து உருண்டைக்கும் அதே கணக்கைப் போட்டிருக்கே. அது எப்படி அதே வரும்?"

"அது அப்படித்தான்" என்றேன்.

"எப்படித்தான்?"

எனக்குத் தெரியவில்லை. குழாய்க்கு என்ன வரும் என்பதே தெரியவில்லை. நாளை வெள்ளி, மறுநாள் தேர்வு. மாமாவின் கடை, நாடா உருண்டை, "இன்ஜினியரம்மா" எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"ஷிலான்."

"ம்."

"நோட்டைக் குடு."

"எந்தப் பக்கம் பாக்கணும்?"

"எல்லாப் பக்கமும்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "தாரோஃபா, நெஜமா?"

"நெஜமாத்தான். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. மண்டைக்குள்ள ஒண்ணும் இல்ல."

ஹீட்டரைச் சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷிலான் சிரிக்கவில்லை.

"ஒன்பது நாள்டி" என்றாள். "தினம் ஒரு படம் அனுப்பினேன். மாதுளையோட, டீயோட, பூனையோட. அந்தப் பூனையைத் தூக்கி உன் நோட்டு மேல வைக்க எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா? உள்ள இருக்கிறதைப் படம் எடுத்து அனுப்புன்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன். நீ எங்கம்மா கைக்கு முத்தம் அனுப்பிட்டே இருந்தே."

"நீயே அனுப்பியிருக்கலாம்."

"முதல் பக்கத்துல சாபம் எழுதி வச்சிருக்கே. சிவப்பு மையில."

"அன்னிக்கு ஏன் மூணாவது தடவை வேணாம்னு சொல்லல? உனக்கு முறை தெரியாதா?"

"தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்ப மண்டைக்குள்ள இருக்குன்னு சொன்னே பாரு, ஒரு மூஞ்சி வச்சுக்கிட்டு. எங்களையெல்லாம் பாத்து மூணு வருஷமா வச்சிருக்கிற அதே மூஞ்சி. அதுக்காகவே எடுத்துட்டுப் போனேன்."

நான் அவளை இகழ்ந்ததைப் போலவே அவளும் என்னை அவ்வளவு நாளாக இகழ்ந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதில் அவள் என்னைவிடச் சுத்தமாக வேலை செய்திருந்தாள்.

ஷிலான் நோட்டின் கம்பிச் சுருளை நகத்தால் நிமிர்த்தி உருவினாள். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். தாள்களை நடுவில் பிரித்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்கு மத்தியானம் மாத்திக்கலாம். எனக்கும் பரீட்சை இருக்கு."

ஓரங்களில் எல்லாம் பென்சில். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு இடத்திலாவது "ஏன்?" என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் விடையும் எழுதியிருந்தாள். கணப்பு மேசையில் மாதுளை தின்றபடி செய்த வேலை. சில "ஏன்"களுக்கு விடை இல்லை. மாதுளைக் கறை மட்டும் இருந்தது. என் நோட்டை இப்படிக் கிறுக்கிவிட்டாளே என்று பொருமிக்கொண்டே, அந்தக் கிறுக்கலை வைத்துத்தான் படித்தேன். புரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டாம் பாதி கைக்கு வந்தது. உருண்டைக் கணக்கின் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: "இரண்டால் பெருக்க வேண்டுமோ? சரிபார்." நான் எழுதியதில் இரண்டு இல்லை. பேராசிரியர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுபவள் நான். கடைசி வரிசைக்காரி என்னைத் திருத்துகிறாள். அவள் தவறு என்று காட்டிவிட வேண்டும் என்று பைக்குள் தாள் தேடினேன். நான்காக மடித்த இளஞ்சிவப்புத் திட்டத்தாள் வந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சூத்திரத்தை மனப்பாடமாக எழுதாமல், முதலிலிருந்து நானே வருவித்தேன். மூன்று வருடத்தில் முதல் முறை. பதினோரு வரி. பதினோராவது வரியில் இரண்டு வந்து நின்றது.

இன்னொரு முறை போட்டேன். இரண்டுதான்.

நகல் கடையில் குழாய் வெடித்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். இல்லாவிட்டால் முப்பது பேர் என் பிழையை அடிக்கோடிட்டுப் படித்திருப்பார்கள். நானும் அதை அப்படியே எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை தேர்வு அறையில் பேராசிரியர் செய்ஃபி மேலங்கியைக் கழற்றவே இல்லை. மூன்றாவது கேள்வி உருண்டை. கேள்வியைப் படித்ததும் தலையைத் தூக்கினேன். இரண்டு வரிசை முன்னால் ஷிலான் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் ஹாலே பெருமூச்சு விட்டாள். நான் பதினோரு வரியையும் எழுதினேன்.

புதன்கிழமை மதிப்பெண்கள் வந்தன. எனக்குப் பதினெட்டே கால். நான்காம் இடம் என்னுடையதாகவே இருந்தது. ஷிலானுக்குப் பத்தொன்பது. ஹாலே பத்து வாங்கி, சரியாகக் கரையேறினாள். ஜன்னலைச் சாத்துவது பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அன்று மாலை ஷிலான் என் கட்டிலருகே வந்தாள். "எங்கம்மா டப்பாவைக் குடு. அவங்களுக்கு வேணும். இது தாரோஃப் இல்ல."

பிஸ்கட் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தர எங்கள் ஊரில்கூட யாரும் துணிய மாட்டார்கள். அலமாரியைத் திறந்தேன். மேல் கட்டிலிலிருந்து ஹாலேயின் தலை வெளியே நீண்டது. பெட்டியில் மிச்சமிருந்த பிஸ்தா மிட்டாய் பதினான்கையும் டப்பாவில் அடுக்கி, மூடி, நீட்டினேன்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்குடி? வேணாம்" என்றாள் ஷிலான்.

"சரி" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் டப்பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை.

"ஒரு தடவைகூட வற்புறுத்த மாட்டியா?"

"மாட்டேன். வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றாள் ஷிலான்.

"எனக்கும் வேணும்" என்றது மேல் கட்டில்.